கிரந்தியல்ல, மை

மெற்றில்டாவுக்குக் கோபம் வரும் என்று லண்டன் வால்தம்ஸ்டோவில் யாரும் நினைத்ததில்லை. பஸ்ஸில் யாராவது அவருடைய காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பது அவராகத்தான் இருக்கும். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் ஊற்றும்போது வரிசையை வெட்டிக்கொண்டு வந்து கோப்பையை நீட்டுகிறவர்களுக்கும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். "மெற்றியோட சண்டை பிடிக்க ஏலாது. அவவின்ர பக்கத்து ஏச்சையும் நான்தான் ஏச வேணும்" என்று கணவர் கிறிஸ்துராஜா பகிடி விடுவார். அப்படிப்பட்ட மனுசிக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கோபம் வந்தது. வந்தது போகவில்லை.

அவர் வேலை செய்தது ஓர் அச்சகத்தில். புத்தகம் அடிக்கிற அச்சகம் அல்ல. சாம்பூப் போத்தலிலும் ஊறுகாய்ப் போத்தலிலும் பளபளவென்று லேபிள் ஒட்டியிருக்கிறதே, அதை அடிக்கிற இடம். வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் இறங்கினால், டயர்க் கடைக்குப் பின்னால் தகரக் கூரையோடு நிற்கும். அங்கே சேர்த்துவிட்டவன் மேர்வின். அவன்தான் சுப்பவைசர். மன்னாரில் அவனுடைய தாயும் மெற்றில்டாவும் ஒரே கோயிற்பங்கு. லண்டனிலும் ஒரே கோயில். ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பான், மடுமாதா திருநாள் என்றால் முன்னுக்கு நிற்பான். எங்கட பெடியன் இருக்கிற இடம், பயமில்லை என்று நம்பித்தான் மெற்றில்டா போனார்.

அவருக்குக் கிடைத்தது கழுவுகிற மேசை. நிறம் மாற்றும்போதெல்லாம் மெசினிலிருந்து மைத்தட்டும் கத்தியும் உருளையும் மை வடிய வடிய வரும். மிஞ்சின மையை வழித்துப் பெட்டியில் போட வேண்டும். பிறகு 'வோஷ்' என்று அவர்கள் சொல்லுகிற திரவத்தில் துணியை நனைத்து, இரும்பு மினுங்கும்வரை துடைக்க வேண்டும். அந்த மை சாதாரண மை போலக் காற்றில் காயாது. மெசினுக்குள் ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சம் பட்டால்தான் இறுகும். படாதவரை சீனிப்பாணி போல ஈரமாகவே கிடக்கும். விரலில் பட்டால் விரலிலிருந்து கதவுப்பிடிக்கு, கதவுப்பிடியிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கன்னத்துக்கு என்று ஆளுக்குத் தெரியாமலே நடந்து திரியும்.

கையுறை கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தார்கள். பெட்டியிலிருந்து ரிசுத் தாள் உருவுகிற மாதிரி உருவி எடுக்கிற மெல்லிய ரப்பர் உறை. போட்டுக் கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் வெடிக்கும். கை வறண்டு எரிகிறதே என்று மெற்றில்டா உறை போடுமுன் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் இன்னும் கெதியாக இளகிப்போகும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. வேலை முடிந்து போகும்போது விரலில் ஒட்டியதை அந்த வோஷாலேயே தேய்த்துக் கழுவுவார். அங்கே எல்லோரும் அப்படித்தான் கழுவினார்கள்.

மை வருவது பெரிய தகர ரின்களில். ரின்னில் சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் எச்சரிக்கைப் படங்கள் ஒட்டியிருக்கும். ஆனால் பாரமான ரின்னை மேசைக்குத் தூக்கி வருவது கரைச்சல் என்று மேர்வின் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். "அக்கா, வீட்டில சாப்பாட்டுப் பெட்டி கிடந்தால் கொண்டு வாங்கோ. மையை அதுக்குள்ள ஊத்தி வைப்பம்."

எங்கட வீடுகளில் சாப்பாட்டுப் பெட்டிக்கா பஞ்சம்? டூட்டிங்கில் வாங்கின கொத்துரொட்டிப் பெட்டி, பிறந்தநாள் வீட்டில் கட்டித் தந்த புரியாணிப் பெட்டி, ஒன்றையும் எறியாமல் கழுவி அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கிற சனம் அல்லவா நாங்கள். மெற்றில்டா பை பையாகக் கொண்டுபோனார். தன்னால் ஓர் உதவி என்று சந்தோசமாகத்தான் கொண்டுபோனார். அன்றிலிருந்து நீலமும் மஞ்சளும் கறுப்பும் புரியாணிப் பெட்டிக்குள் வந்து மேசையில் உட்கார்ந்தன. எச்சரிக்கைப் படம் ஸ்ரோர் அறையிலேயே ரின்னோடு நின்றுவிட்டது.

ஒருநாள் விரலிடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் கிளம்பியது. பிறகு சொறிந்தது. பிறகு தோல் வெடித்து, பிழிந்த துணியைத் தொட்டாலே கண்ணில் நீர் வந்தது. எங்கட ஆட்களுக்கு உடம்பில் சொறி வந்தால் முதலில் விசாரிப்பது வைத்தியரை அல்ல, கறிச்சட்டியை.

"அக்கா, நேற்று என்ன கறி?" என்று மேர்வின் கேட்டான்.

"கத்தரிக்காய்ப் பால்கறியும் இறாலும்."

"பின்னை என்ன? கிரந்தி. ரெண்டையும் ஒரே நாளில சமைச்சுப்போட்டு என்னட்டைக் காட்டுறியள்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தார். அவருடைய மனதிலும் அதுதான் இருந்தது. கிரந்திச் சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு சொறியும், புண் ஆறாது என்பது பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்த சங்கதி. அன்றே கத்தரிக்காயை விட்டார். பிறகு நண்டை, இறாலை, கணவாயை, சூரை மீனை, அன்னாசியை விட்டார். கை ஆறவில்லை. தக்காளியையும் விட்டார். கிறிஸ்துராஜா ஒவ்வொரு இரவும் முருங்கைக்காயும் ரசமுமாகத் தின்று, "உமக்குக் கிரந்தி, எனக்குத் தண்டனை" என்று முணுமுணுத்தார். குடும்ப வைத்தியர் போனில் கேட்டபோதும் கிறிஸ்துராஜாதான் பதில் சொன்னார். சாப்பாடுதான் ஒத்துவரவில்லை என்று. வைத்தியரும் ஒரு களிம்பு எழுதித் தந்தார்.

அந்த வருசம் பங்கிலிருந்து பிரான்சுக்கு, லூர்து மாதாவிடம் பஸ் போனது. மெற்றில்டா தன் லீவையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்று, கெபியின் தண்ணீரில் கையை நனைத்து, செபமாலை சொன்னார். அங்கே இருக்கும்போதே கொப்புளம் வாடத் தொடங்கியது. அப்படியே தங்கையின் வீட்டுக்கும் போய் ஆறுதலாக இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பும்போது தோல் மூடிவிட்டது. பூசை முடிவில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, மாதாவுக்கு நன்றி சொன்னார். சனம் கைதட்டியது. மேர்வின் பலத்துத் தட்டினான்.

வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி வந்தது, முன்னதைவிட மோசமாக. மணிக்கட்டைத் தாண்டி ஏறியது, கண் இமையும் வீங்கியது. மெற்றில்டாவுக்குப் புண்ணின் நோவைவிட வேறொன்று வருத்தியது. மாதா தந்ததைத் தன்னுடைய விசுவாசக் குறைவால் இழந்துவிட்டேன் என்று நினைத்தார். ஒருவருக்கும் சொல்லாமல், முன்னே நின்று காட்டின கைகளை நீளக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். குளிக்கும்போது அழுதார்.

அந்த நேரத்தில்தான் அனோஜினி வேலைக்கு வந்தாள். இங்கே இருக்கிற நிருஜன் என்ற பெடியனைக் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை. இங்கிலீசு நன்றாகக் கதைப்பாள், ஆனால் லண்டனுக்குப் புதிது. மெற்றில்டா அவளுக்கு மேசையைக் காட்டிக்கொடுத்தார். துணி நனைக்கிற விதம், வழிக்கிற விதம் எல்லாம் சொல்லிவிட்டு, "பிள்ளை, இஞ்ச வந்த பிறகு கிரந்திச் சாப்பாட்டைக் குறைச்சுக்கொள். இந்தக் குளிருக்கு உடம்பு தாங்காது. என்ர கையைப் பார்" என்றும் சொன்னார். பிள்ளையும் தலையாட்டினாள்.

கை இப்படியே போனால் ஏலாது என்று களிம்பு தந்த வைத்தியரே கடைசியில் பெரியாஸ்பத்திரித் தோல் பகுதிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் டொக்டர் பிரீத்தா, தமிழ்நாட்டுப் பிள்ளை. தமிழ் கேட்டதும் மெற்றில்டாவுக்கு உயிர் வந்தது.

"உக்காருங்கம்மா. கையக் காட்டுங்க. எவ்வளவு காலமா இப்படி இருக்கு?"

"கன காலம் பிள்ளை. கிரந்தி."

"கிரந்தின்னா என்னம்மா?"

கிறிஸ்துராஜா இடையில் புகுந்து கத்தரிக்காயில் தொடங்கி அன்னாசி வரை விளக்கம் கொடுத்தார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாட்டுனால வருதுன்னு யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான்" என்றார் கிறிஸ்துராஜா.

"அந்த எல்லாருல டாக்டர் யாராவது உண்டா?"

கிறிஸ்துராஜா கூரையைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று டொக்டர் அடுத்துக் கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் மெற்றில்டாவிடம் கேட்டதில்லை.

முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஏதேதோ பொருட்களை ஒட்டி, நனைக்காமல் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு கூப்பிட்டு உரித்துப் பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. இரண்டு சதுரம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்புளித்திருந்தது. டொக்டர் அதைப் போனில் படமெடுத்து மெற்றில்டாவுக்குக் காட்டினார்.

"இது அக்ரிலேட்டுன்னு ஒரு பொருள். வெளிச்சத்துல இறுகுற மையில இருக்கறது. கத்தரிக்காய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க போடற அந்த மெல்லிசு கிளவுஸ் வழியா இது சுலபமா உள்ள போயிடும். அந்த வாஷ் வேற தோல்ல இருக்கற எண்ணெய எடுத்துடுது. நீங்களே கதவத் திறந்து விட்ட மாதிரி. டின்னுல எச்சரிக்கை போட்டிருப்பாங்களே, பாக்கலையா?"

மெற்றில்டாவின் கண்ணுக்கு முன்னால் புரியாணிப் பெட்டி வந்தது.

"லீவுல இருந்தா ஆறும், வேலைக்குப் போனா திரும்ப வரும். அப்படித்தானே இருந்தது?"

"ஓம்" என்றார் மெற்றில்டா.

"உடம்பு ஒரு தடவை இத எதிரின்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் மறக்காதும்மா. இனிமே கொஞ்சம் பட்டாலும் வரும். அந்த வேலைக்கு நீங்க போகவே கூடாது. நான் லெட்டர் தர்றேன். வேலையிடத்துப் பாதுகாப்பப் பாக்கற அரசாங்க ஆபீஸ் இருக்கு. அந்த நம்பரும் தர்றேன். உங்களுக்கு இஷ்டம்னா பேசுங்க."

திரும்பி வரும்போது ரெயினில் கிறிஸ்துராஜா ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். மெற்றில்டா கேட்கவில்லை. அவருக்கு நினைவில் நின்றதெல்லாம் பீடத்துக்கு முன்னால் கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்ற நாள். மாதா சுகம் தந்தார் என்று சொன்னோம். பிறகு மாதாவைக் கைவிட்டது நான்தான் என்று எத்தனை நாள் அழுதோம். அழவைத்தது ஒரு பெட்டி மை. மாதாவையும் தன்னையும் நடுவில் வைத்து யாரோ பகிடி பண்ணிவிட்ட மாதிரி இருந்தது. வயிற்றில் பிடித்த சூடு நெஞ்சுக்கு ஏறியது. இதுதான் கோபம் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் மேர்வினுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. வீட்டில இருந்து ஆறுதல் எடுங்கோ" என்றான் மேர்வின். "உங்கட இடத்துக்கு அனோஜினியை முழுநேரமாப் போட்டாச்சு."

"தம்பி, அது மையால வாறது. சோதிச்சுப் பாத்துச் சொன்னவை. அந்தப் பிள்ளையை அதில விடாதை."

"உங்கட உடம்புக்கு ஒத்துவரேல்லை அக்கா. எல்லாருக்கும் அப்பிடி வாறதில்லை."

அவன் வைத்தபின் அனோஜினிக்கு எடுத்தார். பிள்ளை பஸ்ஸில் இருந்தாள்.

"ஓம் அன்ரி, எனக்கும் விரலிடுக்கில லேசாச் சொறியுது. நீங்கள் சொன்னமாதிரி நான் கத்தரிக்காய், இறால் எல்லாம் நிப்பாட்டிட்டன்."

மெற்றில்டா போனைக் காதோடு அழுத்தினார். "அது பிழை, பிள்ளை. நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். அது சாப்பாடில்லை, மை. அந்த மேசையை விட்டு வா."

"அதெப்பிடி அன்ரி, வந்த உடன வேலையை விடுறது? நிருஜன் தனிய ஓடி ஓடி உழைக்கிறார். மேர்வின் அண்ணை சொன்னவர், உங்களுக்கு வேற ஏதோ வருத்தமாம் எண்டு."

அன்றைக்குக் கிரந்தி என்று சொன்ன அதே வாய் இன்றைக்கு மை என்று சொன்னால் பிள்ளை எதை நம்புவாள்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஆரம்பக் கொப்புளம் என்றால் இப்போதே நிறுத்த வேண்டும். உடம்பு முடிவெடுத்த பிறகு நிறுத்தி என்ன பலன்? தன் கை போனது போனதுதான். அந்தப் பிள்ளையின் கை இன்னும் போகவில்லை. மெற்றில்டாவுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை.

அடுத்த நாள் டொக்டரின் கடிதத்தோடு அச்சகத்துக்கே போனார். மனேஜர் வெள்ளைக்காரர், நல்ல மாதிரிச் சிரிக்கிறவர். மேர்வின் மொழிபெயர்க்க நின்றான். மெற்றில்டா தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். மெல்லிய உறை, பெட்டி, வோஷ், அனோஜினியின் விரல். மேர்வின் அதைக் குறுக்கிக் குறுக்கி ஆங்கிலத்தில் சொன்னான். இத்தனையும் சொன்னதற்கு இவ்வளவுதானா என்று மெற்றில்டா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னதில் 'ஃபூட்' என்ற சொல் காதில் விழுந்தது.

"நோ ஃபூட்" என்றார் மெற்றில்டா. "இங்க். இங்க்."

மனேஜர் மேர்வினைப் பார்த்தார். மேர்வின் மெதுவாக ஏதோ சொன்னான். மனேஜர் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்து, கெதியில் சுகம் வரட்டும் என்று வாழ்த்தி, கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மேர்வின் சினந்தான். "என்னை ஏன் அக்கா அவருக்கு முன்னால இப்பிடிச் செய்யிறியள்? உங்களைச் சேர்த்துவிட்டது நான். உதைப் பெரிசாக்கி என்ன வரப்போகுது? உங்களுக்கு முந்தி அதில நிண்ட போலந்துக்காரிக்கும் உப்பிடித்தான் கை போனது. அவ பேசாமல் வேற வேலைக்குப் போயிட்டா. கத்திக்கொண்டு நிண்டவவோ?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. மெற்றில்டா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"கிரந்தி எண்டு சொல்லிச் சிரிச்சாய். நான் கோயிலில கையைக் காட்டேக்கை தட்டினாய். எல்லாம் தெரிஞ்சுகொண்டு தட்டினாய்."

மெற்றில்டாவுக்கு அதற்கு மேல் சொல்ல ஏச்சுத் தெரியவில்லை. வாழ்நாளில் ஏசிப் பழகாதது எவ்வளவு பெரிய குறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிறு வந்தது. மேர்வின் வழக்கம்போல வாசகம் வாசித்தான். குரல் நல்ல கணீரென்று இருந்தது. மெற்றில்டா அந்தக் குரலைக் கேட்கக் கேட்கப் பல்லைக் கடித்தார். நன்மை, அதுதான் நற்கருணை, வழங்கும் நேரம் வந்தபோது இருந்த வாங்குகளிலிருந்து வரிசை வரிசையாகச் சனம் எழுந்தது. மெற்றில்டா எழும்பவில்லை. ஒருவன் மேல் இவ்வளவு கோபத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆண்டவரை நாவில் வாங்க முடியாது. வேண்டுமென்று செய்த காரியமில்லை. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டார்.

எங்கட கோயிலில் ஒருவர் பூசைக்கு வராவிட்டால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். வந்திருந்து நன்மை எடுக்காமல் இருந்தால் கடைசி வாங்குவரை கவனிப்பார்கள். அதுவும் மெற்றில்டா. மண்டபத்தில் வசந்தமலர் நேரே வந்து பிடித்தார். அவருக்குத் தெரிந்தால் பங்குக்கே தெரிந்த மாதிரி.

"என்னப்பா, நன்மை எடுக்கேல்லை? சாப்பிட்டிட்டோ பூசைக்கு வந்தனீர்?"

"இல்லை வசந்தமலர்."

"பின்னை? கிறிஸ்துராஜாவோட பிரச்சினையோ? அந்த மனுசன் ஒரு பாவமெல்லே."

"எனக்கு மேர்வினோட கோவம்."

வசந்தமலர் கேக் துண்டைக் கீழே வைத்தார். "உமக்கோ? மேர்வினோடயோ?"

மெற்றில்டா மறைக்கவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். கிரந்தி இல்லை, மை என்றார். போலந்துக்காரியைச் சொன்னார். இப்போது அனோஜினி அதே மேசையில் நிற்கிறாள் என்றார். "அந்தப் பிள்ளையின்ர கை அதுக்குள்ள இருக்குமட்டும் எனக்குக் கோவம் போகாது. கோவத்தோட நான் நன்மை எடுக்கமாட்டன்." தேநீர் ஆறுமுன் அது மண்டபத்தின் அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கை சொறிகிற இன்னும் இரண்டு பேர், ஒருவர் சலவைத் தொழிற்சாலையில் நிற்பவர், ஒருவர் ஊதா விளக்கில் இறுக்குகிற நகப்பூச்சுக் கடையில் நிற்பவர், தங்கள் விரல்களைத் தாங்களே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நகப்பூச்சுக் கடைப் பிள்ளை முகம் வெளிறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறும் மெற்றில்டா எழும்பவில்லை. சுவாமியார் நன்மைப் பாத்திரத்தோடு நின்றபடி ஒருமுறை இவரைப் பார்த்தார், ஒருமுறை மேர்வினைப் பார்த்தார். அதற்கு அடுத்த ஞாயிறு மேர்வின் வாசிக்க ஏறியபோது, சனம் அவனைப் பார்க்காமல் திரும்பி மெற்றில்டாவைப் பார்த்தது. அவன் வாசகத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டான்.

அன்று பின்னேரம் வீடு தேடி வந்தான். கிறிஸ்துராஜா தேநீர் கொடுத்தார்.

"அக்கா, நீங்கள் செய்யிறது சரியில்லை. நான் வாசிக்க ஏறினால் சனம் உங்களையெல்லோ பாக்குது."

"உன்ர வாசிப்பு அப்பிடி, தம்பி" என்றார் கிறிஸ்துராஜா.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. அம்மாவுக்கு மன்னாருக்கே கதை போயிட்டுது. நான் என்ன கொலையே செய்தனான்? தடிச்ச, மொத்தமான கிளவ்ஸ் வேணுமெண்டு மனேஜரிட்டைக் கேட்டனான்."

"எத்தினை தரம் கேட்டனீ?" என்றார் மெற்றில்டா.

"கேட்டனான் அக்கா."

"எத்தினை தரம்?"

அவன் கோப்பையைச் சுற்றினான். "ஒருக்கா. முகத்தைச் சுழிச்சார். பிறகு கேக்கேல்லை. எனக்கும் வேலை போனால் ஆர் தருவினம்?"

அவன் பயந்தவன் என்பது மெற்றில்டாவுக்கு விளங்கியது. பயத்தை அவரால் மன்னிக்க முடியும். பயத்தை மறைக்கச் சிரித்த சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"உன்ர பயத்துக்கு எங்கட கையைக் குடுத்திருக்கிறாய், மேர்வின். அந்தப் பிள்ளையை எடு. அதுக்குப் பிறகு வந்து கதை."

அந்த வாரமே போன் வந்தது. மேர்வினின் குரலில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. அனோஜினியைப் பெட்டி கட்டுகிற பக்கத்துக்கு மாற்றிவிட்டானாம். அங்கே மை இல்லை. "இப்ப சந்தோசமோ? இந்த ஞாயிறு எழும்பி வருவியளெல்லோ?"

மெற்றில்டாவுக்குக் கண் கலங்கியது. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். "நன்றி தம்பி. மொத்தக் கிளவ்ஸ் வந்திட்டுதோ?"

"அது பாப்பம்."

"அந்தச் சாப்பாட்டுப் பெட்டியள்?"

"கிடக்குது. என்ன அவசரம்?"

"அப்ப மேசையில இப்ப ஆர் நிக்கினம்?"

"அது ஒரு ருமேனியாப் பிள்ளை அக்கா. புதுசா வந்தது. எங்கட ஆள் இல்லை, நீங்கள் யோசிக்காதேங்கோ."

போலந்துக்காரி, பிறகு தான், பிறகு அனோஜினி, இப்போது இன்னொருத்தி. மேசை மாறவில்லை. கைகளை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கட ஆள் இல்லை என்று இவன் ஆறுதல் சொல்கிறான். அந்த மனேஜருக்கு நானும் எங்கட ஆள் இல்லாதவளாகத்தானே இருந்திருப்பேன் என்று மெற்றில்டா நினைத்தார். தணியப் பார்த்த கோபம் திரும்பி வந்தது. இந்த முறை அது சுடவில்லை. நிலத்தில் கால் ஊன்றின மாதிரி உறுதியாக இருந்தது.

"அவளும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, மேர்வின்?"

"அக்கா, எல்லாரையும் நான் பாக்க ஏலுமே?"

"உன்ர வேலையே அதுதான். போனை வை."

மறுநாள் காலை அனோஜினி நன்றி சொல்ல வந்தாள். வேலைக்குப் போகுமுன், ஒரு பையில் தோடம்பழத்தோடு. அவளுடைய விரலிடுக்கு வெளுத்து ஆறிக்கொண்டு வந்தது. மெற்றில்டா அந்த விரல்களை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் வெடித்த கை உரசாமல், சட்டை நுனியால் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, எனக்கு ஒரு உதவி செய். ஒரு இடத்துக்குப் போன் எடுக்க வேணும். என்ர இங்கிலீசு காணாது. நான் சொல்லுறதைக் குறைக்காமல், கூட்டாமல் சொல்லு."

எந்த இடம் என்று கேட்டதும் அனோஜினியின் முகம் மாறியது. "அன்ரி, தெரிஞ்சால் என்னை நிப்பாட்டிப்போடுவினம்."

"உன்ர பேர் வேண்டாம். என்ர பேரைச் சொல்லு. என்னட்டை இனி எடுக்க ஒண்டும் இல்லை."

பிள்ளை பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கிறிஸ்துராஜா கதிரையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இப்ப அதில நிக்கிறவவுக்கு இங்கிலீசும் வடிவாத் தெரியாது அன்ரி" என்றாள் அனோஜினி கடைசியில். "நேற்று மத்தியானம் தன்ர விரலை எனக்குக் காட்டினவ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் உட்கார்ந்தாள். மெற்றில்டா டொக்டர் தந்த நம்பரைச் சொல்லச் சொல்ல அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லிக் கனநேரம் போனில் பாட்டுப் போனது. பிறகு ஓர் ஆணின் குரல் வந்தது. அனோஜினி நிமிர்ந்து இருந்து கதைக்கத் தொடங்கினாள். மெற்றில்டா பக்கத்தில் நின்று மை, மெல்லிய உறை, பெயரில்லாத பெட்டி, வோஷில் கழுவுகிற கை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள்.

அந்தக் குரல் பெயர் கேட்டது. விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. அனோஜினி திரும்பி மெற்றில்டாவைப் பார்த்தாள்.

"சொல்லு" என்றார் மெற்றில்டா. "முழுப் பேரையும் சொல்லு."

அனோஜினி அவருடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்து, யாரும் கேட்காமலே, தன்னுடைய பெயரையும் சொன்னாள்.